லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆன மாதங்களை வண்டி ஓட்டாமல் கடப்பது எப்படி

குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர்களில் பாதிப் பேர், போலீஸ் கொடுத்த சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, வண்டியிலேயேதான் என்னைப் பார்க்க வருகிறார்கள். "லைசென்ஸை அவங்க வாங்கி வெச்சுக்கிட்டாங்க மேடம், பதிலுக்கு இது கொடுத்திருக்காங்க. யாராவது நிறுத்தினா இதைக் காட்டினா போதும்ல?" என்பார்கள். போதாது. வண்டியை இங்கேயே ஓரமாக விட்டுவிட்டு, வீட்டிலிருந்து யாரையாவது வரச்சொல்லி எடுத்துப் போகச் சொல்லுங்கள் என்பதுதான் நான் அவர்களிடம் சொல்லும் முதல் வார்த்தை.

நான் தாம்பரம் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். எட்டு போடக் கற்றுக்கொடுப்பதும், கிளட்சை மெதுவாக விடச் சொல்லித் தொண்டை வற்றக் கத்துவதும்தான் என் தினசரி வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தியபோது, சஸ்பெண்ட் ஆன லைசென்ஸ் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் புத்தாக்கப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். அதிலிருந்து இந்த மாதிரி ஆட்களும் வருகிறார்கள். ஐ.டி. கம்பெனிப் பையன்கள், தண்ணீர் கேன் வேன் ஓட்டுபவர்கள், ஒருமுறை ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "நடுவுல கொஞ்சம் ஓட்டிக்கலாமா?"

நான் வக்கீல் இல்லை. கோர்ட்டில் பேச வேண்டியதற்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் எந்த இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சீட்டு எதற்கு?

சட்டத்தின் 206-வது பிரிவில் இரண்டு விதமான சீட்டு இருக்கிறது. சில வழக்குகளில் போலீஸ் லைசென்ஸை வாங்கிக்கொண்டு கொடுக்கும் ஒப்புகைச் சீட்டை வைத்து, அதில் குறித்த தேதி வரை ஓட்டலாம். ஊரெல்லாம் "சீட்டு இருந்தால் ஓட்டலாம்" என்று பேச்சு வந்தது இதனால்தான். ஆனால் குடித்துவிட்டு ஓட்டியது, அதிவேகம், ஆபத்தாக ஓட்டியது போன்ற வழக்குகளில் லைசென்ஸைப் பறித்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புவது அதே பிரிவின் 4-வது உட்பிரிவில் வருகிறது. அங்கே கொடுக்கும் சீட்டைப் பற்றிச் சட்டமே தெளிவாகச் சொல்லிவிட்டது: லைசென்ஸ் கைக்குத் திரும்பும் வரை இந்தச் சீட்டு ஓட்டும் அனுமதி ஆகாது. லைசென்ஸ் யாரிடம் போயிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். பத்திரமாக வையுங்கள், இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். பின்னால் லைசென்ஸைத் தேடும்போது அது இல்லாமல் நகர முடியாது.

ஸ்டேஷனில் நிற்கும் வண்டியை எடுக்கப் போகும்போதும் இதே விஷயம்தான். ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவார்கள், லைசென்ஸ் உள்ள ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போக மறந்துவிடுவார்கள். கையெழுத்துப் போட்டு முடித்து, ஸ்டேஷன் வாசலிலேயே கிக்கரை உதைக்கிறவர்களை என்ன சொல்வது? மச்சானையோ பக்கத்து வீட்டுத் தம்பியையோ கூட்டிப் போங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து வாருங்கள், ஹெல்மெட் போட்டுக்கொண்டு.

இரண்டு இடத்தில் இரண்டு வழக்கு

"ஃபைன் கட்டியாச்சு, விஷயம் முடிஞ்சுது" என்று சொல்பவர்களுக்காக இந்தப் பகுதி. முடியவில்லை. கோர்ட் ஒரு பக்கம், ஆர்.டி.ஓ. ஒரு பக்கம், இரண்டும் தனித்தனியாக நடக்கும்.

கோர்ட் பக்கம் 185-வது பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட் கேஸ் போல இதை ரோட்டிலேயே கட்டிவிட்டுப் போக முடியாது. கோர்ட்டில் குற்றம் உறுதியானால் 20-வது பிரிவின்படி லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதியையே குறைந்தது ஆறு மாதத்துக்கு நீக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனவே அபராதம் கட்டிய ரசீதோடு திருப்தியடைந்து வந்துவிடாதீர்கள். உத்தரவின் நகலை வாங்கி, தகுதி நீக்கம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று படியுங்கள். படிக்கத் தெரியாத மொழிநடையில் இருந்தால் வக்கீல் குமாஸ்தாவிடம் கேளுங்கள், ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்பீல் போட்டிருக்கிறேன், அதனால் ஓட்டலாம் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். மேல் கோர்ட் தடையை நிறுத்தி வைத்து உத்தரவு போட்டால் மட்டுமே அந்தப் பேச்சுக்கு இடம். அப்பீல் போட்டதாலேயே தடை நின்றுவிடாது.

ஆர்.டி.ஓ. பக்கம் 19-வது பிரிவு. போலீஸ் அனுப்பிய லைசென்ஸ் அங்கே போனதும், "உங்கள் லைசென்ஸை ஏன் சஸ்பெண்ட் செய்யக் கூடாது?" என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். உங்கள் தரப்பைக் கேட்ட பிறகு, முதல் தடவை என்றால் மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யலாம், மறுமுறை என்றால் லைசென்ஸையே ரத்து செய்யலாம். இந்த மூன்று மாதக் கணக்கு 2019-இல் திடீரென்று முளைத்ததல்ல. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் இருந்தபோது, 2015-லேயே குடிபோதை வழக்குகளில் குறைந்தது மூன்று மாதம் சஸ்பெண்ட் செய்யச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது.

நோட்டீஸ் விஷயத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அது லைசென்ஸில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும். மேடவாக்கத்தில் வாடகை வீட்டில் இருப்பவருடைய லைசென்ஸில் சங்கரன்கோவில் முகவரி இருக்கும். தபாலை அங்கே அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்துப் படித்து, போனில் நாலு வார்த்தை திட்டிய பிறகுதான் மகனுக்கே விஷயம் தெரியும். அதற்குள் பதில் சொல்ல வேண்டிய கெடு போயிருக்கும். வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். முதல் நாளே ஊருக்குப் போன் போட்டு, "தபால் வந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று சொல்லிவிடுவது மேல்.

பதிலில் கதை எழுத வேண்டாம். நடந்தது என்ன, இதற்குமுன் வழக்கு இருக்கிறதா இல்லையா, என்ன தொழில், பயிற்சி முடிக்கத் தயார் என்பது, இவ்வளவு போதும். ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். நேரில் வரச் சொன்னால் போய் நில்லுங்கள். சஸ்பெண்ட் உத்தரவு வந்து, அது தப்பு என்று நினைத்தால் அப்பீலுக்கு 30 நாள் இருக்கிறது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்: தடை நீளமாக இருந்தால், உத்தரவு தேதியிலிருந்து ஆறு மாதம் கழித்து, அதைப் போட்ட கோர்ட்டிடமோ அதிகாரியிடமோ நீக்கித் தரும்படி மனுப் போடலாம். 23-வது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. அந்த மனு தள்ளுபடி ஆனால் மறுபடி போட மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எனவே அவசரப்பட்டு அரைகுறையாகப் போடாதீர்கள்.

தடை ஆள் மேல்தான்

என்னிடம் வருகிறவர்கள் கொண்டுவரும் குறுக்கு வழிகள் எல்லாமே, தடை அந்த அட்டைமேல் இருக்கிறது என்று நினைத்துப் பிறந்தவை. அட்டையைப் பிடித்து வைத்தால் என்ன, டிஜிலாக்கரில் இருக்கிறதே என்பார்கள். போனில் எடுத்துவைத்த பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுவார்கள். செக் செய்கிற போலீஸ்காரர் உங்கள் லைசென்ஸ் எண்ணை அவர் கருவியில் தட்டினால், சாரதி என்ற அரசு லைசென்ஸ் தளத்தில் இருக்கும் நிலை வந்து நிற்கும். அட்டை காணாமல் போய்விட்டது என்று சொல்லி டூப்ளிகேட் கேட்பது, வேறு ஊர் ஆர்.டி.ஓ.வில் புதிதாக எல்.எல்.ஆர். போடுவது, இவை இன்னும் மோசம். தகுதி நீக்கக் காலத்தில் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தாலே அது 182-வது பிரிவுக் குற்றம். வாங்கிவிட்டாலும் அந்த லைசென்ஸ் செல்லாது.

"பாண்டிக்குப் போனா அங்க வேற போலீஸ்" என்றார் ஒருவர். போலீஸ் வேறுதான், சட்டம் மத்தியச் சட்டம். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை அதே தடை.

அப்புறம், "மெயின் ரோட்டுக்கு வர மாட்டேன், எங்க தோப்புக்குள்ளதான் ஓட்டுவேன்." 182-வது பிரிவு பொது இடம் என்பதோடு நிறுத்தாமல், வேறெந்த இடமானாலும் என்று சேர்த்துச் சொல்கிறது. கம்பெனி யார்டுக்குள் லாரியைத் திருப்பி நிறுத்துவதும் இதில் வரும். டிரைவர் வேலையிலிருந்து தற்காலிகமாக யார்டு வேலைக்கு மாற்றிக்கொண்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "டிவிஎஸ் எக்ஸெல் தானே, அதுக்கெல்லாமா?" அதுக்கும்தான்.

இந்தப் பிரிவுக்குத் தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். திருத்தத்துக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது. பழைய ஆட்கள் இன்னும் அந்த ஞாபகத்திலேயே "பார்த்துக்கலாம்" என்கிறார்கள். தமிழ்நாட்டில் புது அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன, அதனால் அந்த ஞாபகம் போக நாள் பிடிக்கிறது.

மனைவியின் ஸ்கூட்டியை எடுப்பவர்கள் தனி ரகம். பிடிபட்டால் ஓட்டியவரோடு முடியாது. ஓட்டத் தகுதி இல்லாதவர் என்று தெரிந்து வண்டியைக் கொடுத்த உரிமையாளர் மேல் 180-வது பிரிவில் 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் வரலாம். நீங்கள் குடித்ததற்கு அந்த அம்மா ஏன் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும்? நான் இதைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை, சாவி மட்டும் மேஜைமேல் வரும்.

ஆனால் அபராதத்தைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. தடைக் காலத்தில் நீங்கள் ஓட்டி ஒருவரை இடித்துவிட்டால், அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டைத் தீர்ப்பாயம் பெரும்பாலும் கம்பெனியை முதலில் கட்டச் சொல்லும், பிறகு அதை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளச் சொல்லும். 2004-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இதுதான். உயிர் போயிருந்தால் அந்தத் தொகை பல லட்சம். ஓட்டியது மச்சானுடைய காரை என்றால், கம்பெனி நோட்டீஸ் மச்சான் வீட்டுக்குப் போகும். உங்கள் வண்டிச் சேதத்துக்குக் காசு வராது. நீங்களே அடிபட்டுக் கிடந்தால், பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் என்று பிரீமியம் கட்டிய விபத்துக் காப்பீடும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான். எதிரில் வந்தவன்மேல் முழுத் தப்பு இருந்தாலும் பேச்சு உங்கள் லைசென்ஸிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஓட்டாமல் எப்படிப் போவது

வண்டிக்குத் தடை இல்லை, உங்களுக்குத்தான் என்பதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. வீட்டில் லைசென்ஸ் உள்ள யாரும் உங்கள் வண்டியை ஓட்டலாம். கார் வைத்திருப்பவர்கள் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடலாம். நாலு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று பேட்டா பேசி வருவார்கள். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி போன்ற நாட்களுக்கு அது போதும். தினமும் ஆபீஸுக்குக் கட்டுப்படியாகாது.

முதல் வாரமே ஒரு தாளில் வழக்கமான பயணங்களை எழுதச் சொல்வேன். ஆபீஸ், பிள்ளைகளின் ஸ்கூல், மளிகை, வயதானவர்களின் செக்கப், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை. எழுதிப் பார்த்தால், வண்டி இல்லாமல் முடியவே முடியாது என்று நினைத்ததில் உண்மையில் சிக்கலானது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பெரும்பாலும் ஸ்கூல் நேரமும் நைட் ஷிப்டும். ஸ்கூலுக்கு வேன் பேசிவிடலாம், அல்லது அதே தெருவிலிருந்து போகும் இன்னொரு பிள்ளையின் வீட்டாரோடு சேர்த்துவிட்டு, பெட்ரோலுக்குப் பங்கு கொடுக்கலாம். நைட் ஷிப்ட் இருப்பவர்கள் எச்.ஆரிடம் போய்க் கேப் வேண்டும் என்று கேளுங்கள். காரணம் கேட்டால், "லைசென்ஸ் பிரச்சினை, இந்தத் தேதி வரை" என்று சொன்னால் போதும். கம்பெனி வண்டியை ஓட்டுவது உங்கள் வேலையின் பகுதி என்றால் மட்டும் முழுதாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன 180-வது பிரிவில் உரிமையாளராக நிற்கப்போவது அவர்கள்.

எங்கள் பக்கத்தில் கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில் இருக்கிறது. ரயில் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் பெட்ரோல் செலவில் ஒரு துண்டுதான் ஆகும். மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது, ஏசி பஸ் தவிர மற்றவற்றில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வரை கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் எல்லோரும் சொல்லும் தொல்லை. ஷேர் ஆட்டோ, பைக் டாக்ஸி (பின்னால் உட்காருவதற்குத் தடை இல்லை), அல்லது சைக்கிள். ரயில்வே ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பழைய சைக்கிளைப் போட்டு வைத்துக்கொண்ட ஒரு பையன், தடை முடிந்த பிறகும் அதை எடுக்கவில்லை. தொப்பை குறைந்தது என்கிறான்.

லைசென்ஸே தேவைப்படாத மோட்டார் வண்டி ஒன்று உண்டு. 250 வாட்டுக்குக் குறைவான மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகமும் உள்ள சின்ன எலக்ட்ரிக் ஸ்கூட்டரைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதற்குப் பதிவும் கிடையாது. வாங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். பச்சை நம்பர் பிளேட் இருந்தால் அது பதிவு செய்த மோட்டார் வாகனம், உங்களுக்கு ஆகாது. நம்பர் பிளேட் இல்லாவிட்டாலும், "ஒரு வயரைக் கழட்டினா நாப்பது போகும் சார்" என்று கடைக்காரர் கண்ணடித்தால் அந்த வண்டியும் ஆகாது. வேகம் கூடிய நிமிடமே அது மோட்டார் வாகனம், நீங்கள் தடையில் இருப்பவர். வண்டியோடு வரும் சான்றிதழில் வாட்டும் வேகமும் அச்சிட்டிருக்க வேண்டும், அதன் நகலை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதையும் குடித்துவிட்டு எடுக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

சாவி விஷயம் அற்பமாகத் தோன்றும், ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பால் பாக்கெட் தீர்ந்துபோகும் நேரத்தில் அதுதான் எல்லாம். "முனைக்கடைதானே" என்று ஆரம்பிக்கிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். சாவியை ஆணியிலிருந்து எடுத்து வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். தனியாக இருப்பவர்கள் வண்டியை ஊருக்கே அனுப்பிவிடலாம், ரயில் பார்சலில் பைக் போகும். பெட்ரோலைக் காலி செய்துவிட்டு, ஆர்.சி. நகலும் இன்சூரன்ஸ் நகலும் கொடுத்து புக் செய்ய வேண்டும்.

வண்டி ஓட்டுவதே பிழைப்பு என்றால் இதெல்லாம் பணக்காரப் பேச்சாகத் தெரியும், எனக்குப் புரிகிறது. தண்ணீர் கேன் வேன் ஓட்டியவர் செய்தது இது: முதலாளியிடம் முதலிலேயே சொல்லி, அந்த மாதங்களுக்கு வேனில் லோடுமேனாகப் போனார். லைசென்ஸ் உள்ள மைத்துனர் ஓட்டினார். சம்பளம் குறைந்தது, ரூட் கைவிட்டுப் போகவில்லை. சொல்லாமல் ஓட்டியிருந்தால் இரண்டும் போயிருக்கும்.

காலையில் இறங்காத குவார்ட்டர்

பிடிபட்டவர்களில் பலர் "நான் குடிச்சது முந்தின நாள் ராத்திரி" என்கிறார்கள். நம்புகிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டிலில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 180 மில்லி குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் சுமார் 77 மில்லி, அதாவது 60 கிராமுக்கு மேல். 70 கிலோ எடையுள்ள ஆண் அதைக் குடித்தால் ரத்தத்தில் அளவு 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் பக்கம் போகும். உடல் அதை மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் கரைக்கும். நள்ளிரவு 12 மணிக்கு 120 என்றால், காலை 5 மணிக்கு 45. மீனம்பாக்கத்தில் யாரையாவது விட வேண்டும் என்று அந்த நேரத்தில் காரை எடுத்தால், தூங்கி எழுந்து பல் தேய்த்த ஆளாகவே இருந்தாலும் 30-ஐத் தாண்டித்தான் இருப்பார். ஆளுக்கு ஆள் இது மாறும், பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் கூடும். மோர், எலுமிச்சை, கறுப்புக் காபி, தலைக்குக் குளியல் எதுவும் அந்த 15-ஐ 20 ஆக்காது.

கணக்குச் சொன்னதும் சிலர் சிரித்துக்கொண்டே போவார்கள், சிலர் தயங்கி நிற்பார்கள். நிற்பவர்களுக்குச் சொல்வது: தினமும் குடித்தே பழகிய உடம்பு என்றால் நீங்களாகவே ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், தூக்கமின்மையோடு நிற்காமல் வலிப்பு வரை போகலாம். டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் ஆரம்பித்த டி.டி. ரங்கநாதன் மையம் இதற்காகவே இருக்கிறது. போனில் பேச 14446 என்ற போதை மீட்பு உதவி எண். சிகிச்சைக்குப் போன சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், தடையை நீக்கக் கேட்டு மனுப் போடும்போது சேர்க்கலாம்.

திரும்ப வாங்குவது

தேதி முடிந்ததும் லைசென்ஸ் தானாகத் தபாலில் வரும் என்று காத்திருக்காதீர்கள். புத்தாக்கப் பயிற்சியை முடித்ததற்கான சான்று இருந்தால்தான் ஆர்.டி.ஓ. திருப்பித் தருவார். பயிற்சியைத் தடைக் காலத்துக்குள்ளேயே முடித்துவிடலாம், கடைசி வாரம் வரை தள்ளிப் போட்டால் அவ்வளவு நாள் கூடுதலாக நடக்க வேண்டியதுதான். பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வியை அந்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரடியாகக் கேளுங்கள்: எந்த மையத்தின் சான்றை ஏற்றுக்கொள்வீர்கள்? என் ஸ்கூலுக்கே வந்தாலும் முதலில் இதைக் கேட்டுவிட்டு வரச்சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறேன். "வகுப்புக்கு வர வேண்டாம், சர்டிபிகேட் மட்டும் வாங்கித் தர்றேன்" என்று ஆபீஸ் வாசலில் ஒருவர் நிற்பார். அவரிடம் வாங்கிய தாள் செல்லாது என்று தெரிவதற்குள் அவர் வேறு மரத்தடிக்குப் போயிருப்பார்.

சஸ்பெண்ட் ஆனவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. ஆகவே நான் கியரைத் தொடுவதே இல்லை. பெருங்களத்தூர் சிக்னலின் போட்டோவை வைத்துக்கொண்டு, இந்த நொடியில் யார் எங்கிருந்து வரலாம் என்று கேட்பேன். மெதுவாகச் சொல்பவருக்கு, ஒரு குவார்ட்டருக்குப் பிறகு இதைவிட மெதுவாகத்தான் தோன்றும் என்பேன். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கோர்ட் போட்ட தடையும் ஆர்.டி.ஓ. போட்ட தடையும் ஒரே நாளில் முடியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிந்திய தேதி எதுவோ அதைக் காலண்டரில் வட்டமிடுங்கள். உத்தரவு நகல்கள், அபராத ரசீது, பயிற்சிச் சான்று, அந்தப் பழைய ஒப்புகைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். அட்டை கைக்கு வந்த அன்றே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டாம். பரிவாகன் தளத்தில் உங்கள் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டுப் பாருங்கள். அங்கே இன்னும் சஸ்பெண்ட் என்று காட்டினால், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த நாள் திரும்பப் போய், பதிவை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தண்டனை விவரத்தை லைசென்ஸில் குறித்திருந்தால் கவலைப்பட வேண்டாம், அதற்குப் பிறகு மூன்று வருடம் புதுக் குறிப்பு எதுவும் ஏறாமல் இருந்தால் குறிப்பில்லாத லைசென்ஸ் கேட்டு வாங்கலாம்.

இன்னொன்று, தடைக் காலத்தின் நடுவில் லைசென்ஸின் ஆயுளே முடிந்திருக்கலாம். காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் என்றால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம். தாண்டிவிட்டால் மறுபடி டெஸ்டுக்கு வந்து பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டு போட வேண்டும்.

வண்டியையும் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற பைக்கில் பேட்டரி இறங்கியிருக்கும், டயரில் காற்று இருக்காது, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் அந்த இடைவெளியில் முடிந்திருக்கும், யாருக்கும் ஞாபகம் இருக்காது. முதலில் இன்சூரன்ஸைப் போனிலேயே கட்டிவிட்டு, தெரு முனை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள். புகைச் சான்றைப் பெட்ரோல் பங்க் பக்கத்திலேயே எடுத்துவிடலாம்.